சின்னக் காரில் வேன் இன்ஜின்

மாட்டு டாக்டரின் சின்னக் கார் பிஸ்டன் உடைந்து படுத்தபோது, புதுக் கார் வாங்கிவிடலாம் என்றுதான் அவள் சொன்னாள். கணவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். தன் வீட்டுக் காரையே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினால் வெளியே தலைகாட்ட முடியாது என்று நினைத்தான். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வேனிலிருந்து அதைவிடப் பெரிய இன்ஜினைக் கழற்றி எடுத்தான். காரின் முன்பக்கச் சட்டத்தை வெட்டி, வெல்டு வைத்து, மல்லுக்கட்டி அதை உள்ளே உட்கார வைத்தான். பானட் மூடியது. ஆனால் இடுக்கில் ஒரு விரல்கூட நுழையாது.

இனி அந்த இன்ஜின் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ரேடியேட்டர் இதற்கு எந்த மூலைக்கு? மச்சினியைக் கூப்பிட்டான். அவள் குளிர்பதனக் கிடங்குகளில் மெஷின் பொருத்துகிறவள். ஆள் குள்ளம் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் வாண்டு.

"ஒரு இடத்து சூட்டை எடுத்து இன்னொரு இடத்துல கொட்டறதுதானே உன் வேலை? இதையும் பண்ணிக் குடு" என்றான்.

"வேன்ல காத்து வர்றதுக்கு ஜன்னல் மாதிரி இடம் இருந்துச்சு மாமா. இங்க என் கையே போகல."

"உன் கையே போகலைன்னா கஷ்டம்தான்" என்று சிரித்தான் அவன்.

அவள் அளந்து பார்த்துத் தடிமனான ஒரு ரேடியேட்டரைத் தேர்ந்தெடுத்தாள். நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை. அதனால் நன்றாகத் தாழ்த்தி, சற்றுச் சாய்த்துப் பொருத்தினாள். பின்னால் இரண்டு மின்விசிறிகள். இழுக்கும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டர் வழியாகவே போகும்படி சுற்றிலும் தகரத்தில் கூடு கட்டினாள். சமதளச் சாலையில் வண்டி சொன்னபடி கேட்டது. இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

மலைமேல் ஒரு பண்ணையில் பசு கன்று போட முடியாமல் தவிப்பதாகப் போன் வந்த அன்று, மூவரும் அந்தக் காரிலேயே கிளம்பினார்கள். மெக்கானிக் ஓட்டினான். பாதி மேட்டில் பானட்டின் விளிம்பெல்லாம் ஆவி கக்கியது. ஓரங்கட்டினான்.

"சூடு காட்டற முள்ளு நடுவுலதான் நிக்குது. பெருசா சூடு ஒண்ணும் இல்ல. ரேடியேட்டர் மூடி லூசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் பானட்டைத் தூக்கினான்.

"மாமா, தொடாதீங்க!" என்று வாண்டு கத்துவதற்குள் துணியைப் போட்டு மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் பீறிட்டு அவன் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அடித்தது.

மாட்டு டாக்டர் எப்போதும் வண்டியில் வைத்திருக்கும் கேனை எடுத்து அவன் கைமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் துள்ளினான்.

"அசையாம நில்லுங்க."

"நான் என்ன மாடா?"

"மாடு நிக்கும்."

கட்டுப் போட்டுவிட்டு, அந்த வழியாக வந்த பால் வண்டியை நிறுத்தி ஏறிப் போனாள். போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. பசு பிழைத்தது; கன்று பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் வேற வண்டி பாத்துக்கறேன். இதை நீங்க ரெண்டு பேரும் வச்சு விளையாடுங்க."

மெக்கானிக்குக் கை எரிச்சலைவிட அந்த வார்த்தை அதிகமாக எரிந்தது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மச்சினியோடு முட்டிக்கொண்டான். ரேடியேட்டர் சரியில்லை என்றான் அவன். கொதிக்கிற வண்டியின் மூடியை எந்த மெக்கானிக் திறப்பான் என்றாள் அவள். கத்தி ஓய்ந்த பிறகு, வேறு வழியில்லாமல், மலையிலிருந்து கட்டி இழுத்து வந்திருந்த காரின் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவனால் ஸ்பேனர் பிடிக்க முடியாது. இடது கையால் ஒவ்வொரு ஹோஸாகத் தொட்டுக்கொண்டு வந்தான்.

"வாண்டு, இங்க வா. கீழ கை வைக்க முடியல. மேல இருக்கற இந்தக் குழாய் மட்டும் சில்லுனு இருக்கு. தண்ணியே வரல போல."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோல் ஒரு முனையை ரேடியேட்டர் மூடியிடமும் மறுமுனையை இன்ஜின் உச்சியிலும் பிடித்தாள். மூடியைவிட இன்ஜின் நான்கு விரல் உயரம்.

"போச்சு" என்றாள். "மூடி வரைக்கும் தண்ணி ஊத்தினா ரொம்பிடுச்சுன்னு நெனச்சோம். இன்ஜின் தலையில வெறும் காத்துதான் நின்னுருக்கு. முள்ளுக்குச் சேதி சொல்ற சென்சாரும் அங்கதான் இருக்கு. அது தண்ணியைத் தொடவே இல்ல மாமா. ரேடியேட்டரைத் தாழ வச்சது நான்தான்."

"இடம் விடாம இன்ஜினை அடைச்சது நான்" என்றான் அவன். அதற்குமேல் யாரும் கத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு டேங்க் வேண்டும். தண்ணீரை அங்கேதான் ஊற்ற வேண்டும். இன்ஜின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்கள் காற்றை அந்த டேங்குக்குக் கொண்டுவர, அடியிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் தண்ணீரைப் பம்புக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அவள் தரையில் சாக்பீஸால் வரைந்தாள்.

"டேங்கை எங்க வைக்கறது? அங்க பேட்டரி இருக்கே" என்றாள்.

"பேட்டரி டிக்கிக்குப் போகட்டும். வயரை நான் பாத்துக்கறேன், ஒரு கை போதும்."

அலுமினியத் தகட்டில் டேங்கை அவளே வெல்டு வைத்தாள். முதலில் வைத்தது ஒழுகியது. அறுத்துப் போட்டு மறுபடி செய்தாள். சென்சாரைத் தண்ணீர் எப்போதும் ஓடும் இடத்துக்கு மாற்றினார்கள்.

மாட்டு டாக்டரை மறுபடி மலைக்குக் கூட்டிப்போகக் கெஞ்ச வேண்டியிருந்தது. வந்தாள், ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினாள். கார் மேடு ஏறியது. பின்சீட்டில் வாண்டு ஆவி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். உச்சிக்குப் போனதும் டாக்டர் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மூடிவிட்டாள். அப்போது போன் அடித்தது. அந்தப் பக்கச் சரிவில் ஒரு பண்ணை, எருமைக்குக் காய்ச்சல்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இறங்கிக்கோங்க. எனக்கு நேரமாகும். பஸ் வரும்."

கார் வளைவில் மறைந்தது. பஸ் நிறுத்தத்தில் கட்டுப்போட்ட கையோடு மெக்கானிக் நின்றான்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாளா பாரு."

"வண்டியை எடுத்துட்டே போயிட்டா. இன்னும் என்ன மாமா வேணும்?"

அவன், பானட்டில் பின்பக்கமாக ஒரு திறப்பு வெட்டினால் உள்ளே மாட்டிய வெப்பக்காற்று வெளியேறுமா என்று கேட்டான். வெட்டும் இடத்தைப் பொறுத்தது என்று அவள் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். அவன் அதை அழித்து வேறு கோடு போட்டான். இருவரும் குந்தி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை.