இருபத்தேழாம் எண் பாட்டுப் புத்தகம்

இருபத்தேழாம் எண் புத்தகத்தின் அட்டை மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, ஊறட்டும் என்று உட்கார்ந்தேன். மிஷன் ஹாலுக்கு இந்த வருஷம் நூறு வயது. விழாவுக்குள் அறுபது பாட்டுப் புத்தகங்களுக்கும் புது அட்டை போட்டுத் தர வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பைண்டிங் பார்த்தவள் முடியாது என்று சொல்ல முடியுமா? அதோடாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. விழா மலருக்காகத் தெருவின் பழைய கதைகளைச் சேர்க்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கேட்டவரை, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் தனியாளாக அந்த ஹாலைக் கட்டி முடித்திருந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பொய்யாக இருந்தாலும் ஆசையாகச் சொல்கிறார்களே.

எங்கள் வீட்டுப் பக்கத்தை மட்டும் நான் எழுதவில்லை, அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் தெருவில் அவள் டீச்சர்தான். நான் பசையம்மா. எங்கள் அப்பா ஹாலைப் பெருக்கித் துடைத்து, பெஞ்சுகளை நகர்த்தி, கதவைத் திறந்து பூட்டியவர். கிழிந்த பாட்டுப் புத்தகங்களை ஒட்டுவதும் அவர்தான். எனக்கு இந்தத் தொழில் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹாலில் மாலை வகுப்பு நடத்திய மிஷன் அம்மா ஒருவர், வருஷத்துக்கு ஒரு பெண்ணைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஆசிரியைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புவார். ஒரு வருஷம் நானும் அக்காவும் எழுதினோம். அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. அவள் போனாள். 'எங்கள் குடும்பத்தில் தேர்வான ஒரே பெண் நான்' என்று மலருக்கு எழுதியிருந்தாள். அதில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

துணியை எடுத்துவிட்டு, அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அப்பா புத்தகம் ஒட்டும் முறை எனக்கு மனப்பாடம். நல்ல தாளை வீணாக்க மாட்டார். கமிட்டி மேஜைக்குக் கீழே கூடையில் விழுந்த காகிதங்களை நீவி எடுத்து வைத்து, அட்டைக்கு உள்ளே கொடுத்து ஒட்டுவார். அதனால் ஒவ்வொரு புத்தகத்தைப் பிரிக்கும்போதும் ஏதாவது வரும். பாதி நோட்டீஸ், வருகைப் பட்டியல், ஒருமுறை யாரோ வரைந்த பூனை. அதற்காகவே பொறுமையாகப் பிரித்தேன். இதில் ஒரு கடிதம் வந்தது. பென்சிலில் எழுதியது என்பதால் ஈரத்தில் கரையவில்லை.

'எனக்கு வெளியூர் போகப் பயமாக இருக்கிறது. மேலே படிக்கவும் ஆசை இல்லை. என் இடத்தை என் அக்காவுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே என் பெயர் இருந்தது. மேலே, வகுப்பு நடத்திய அம்மாவின் சிவப்பு மை கொஞ்சம் பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'முதலாவதாக வந்தவள் இவள்தான். வருத்தமாக இருக்கிறது. அக்காவை அனுப்பலாம்.'

பென்சில் எழுத்துகள் ஒவ்வொன்றும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவில் அப்படி எழுதும் இடக்கைக்காரி ஒருத்திதான். அந்தக் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்துத்தான் தெருவில் பாதிப் பேர் எழுதக் கற்றார்கள். என் மகளும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டுப் புத்தகத்தில் மறைந்து கிடந்திருக்கிறது. அதையும் ஒளித்து வைத்தது அவள் அல்ல. எழுத்து தெரியாத மனுஷன் பசை தடவி, தலைகீழாக ஒட்டி, ஓரம் பிசகாமல் நீவியும் விட்டிருக்கிறார்.

நாற்பத்தேழு வருஷமாக நான் தோற்றவள் என்று நம்பியிருந்தேன். தோற்றவளுக்கு உரிய அடக்கத்தோடு அக்காவிடம் ஒவ்வொன்றுக்கும் யோசனை கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருந்தேன்.

மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனேன். விழாவில் பேச வேண்டிய வரவேற்புரையைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வா, வா, இந்த இடம் சரியா இருக்கா கேளு" என்றாள். நான் கடிதத்தை மேஜையில் வைத்தேன். குனிந்து பார்த்தாள். முழுதாகப் படிக்கவில்லை. தான் எழுதியதை எதற்குப் படிக்க வேண்டும்?

"இது எங்க கெடச்சுது?"

"அப்பா ஒட்டின புஸ்தகத்துல."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள் சட்டென்று. அவளுக்கு முதலில் வந்த பயம் அது. என்னைப் பற்றியது அல்ல.

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்கறது மறந்துபோச்சா டீச்சருக்கு?"

உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்த வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். தங்கையிடம் சொல்லி, சனிக்கிழமைக்குள் சம்மதக் கடிதம் வாங்கி வா என்று வகுப்பு அம்மா இவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஹாலிலிருந்து எங்கள் வீடு பத்து வாசல் தள்ளி. அந்தப் பத்து வாசலைக் கடப்பதற்குள் அவள் முடிவு செய்திருக்கிறாள். தங்கை படுத்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று கடிதத்தைக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு அது கடைசி வருஷம்டி. வயசு தாண்டிடும். உனக்கு அடுத்த வருஷம் இருந்துச்சுன்னு நெனச்சேன். அவங்க வகுப்பையே மூடிட்டுப் போவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மூடினப்புறம் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி?" என்றாள். பிறகு, "உன் பொண்ணைப் படிக்க வெச்சது யாரு? நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரெண்டு வாரம் பக்கத்துல இருந்தது யாரு?" என்றாள்.

அதுதான் என்னை உடைத்தது. அந்த இரண்டு வாரம் அவள் என் தலை வாரிவிட்டாள், வாய் கொப்பளிக்கக் கிண்ணம் பிடித்தாள். உடன்பிறப்பு என்றால் இது என்று வார்டு முழுவதும் பெருமையடித்தேன். இப்போது அதையும் பழைய கடனுக்குக் கட்டிய வட்டியாக்கி, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். "அப்பாகிட்ட என்ன சொன்னே?"

"அந்தம்மா அவர்கிட்ட சொல்லிட்டாங்க, சின்னவ வேண்டாம்னுட்டான்னு. அவர் நிஜமான்னு என்கிட்ட கேட்டார். ஆமான்னேன். அவகிட்ட கேக்காதீங்கப்பா, அழுவான்னேன்."

தினமும் சாயங்காலம் கதவோரக் குட்டை பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். என் விரல் சொல்லுக்குக் கீழே நகரும், அவர் விரல் என் விரல் மேல் இருக்கும். அந்த வருஷத்தோடு அதை நிறுத்தினார். பிறகு செத்துப்போகும்வரை பதினோரு வருஷம், கடிதம் வந்தால் வழியில் போகிறவரை நிறுத்திப் படிக்கச் சொல்வார். நான் உள்ளேயே இருப்பேன். பரீட்சையில் தோற்றதில் அவருக்கு வெட்கம் என்று எண்ணியிருந்தேன். படிப்பு கையில் வந்தும் உதறியவள் வாயால் எதையும் கேட்க வேண்டாம் என்று இருந்திருக்கிறார்.

"மலர் நாளைக்கு அச்சுக்குப் போகுது" என்றாள் அக்கா. "இந்த வயசுல என்னைத் தெருவுல நிறுத்தாதே." நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

புத்தக வேலைக்காக ஹால் சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்து உள்ளே போனேன். விழாவுக்குப் பெஞ்சுகள் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்திருந்தார்கள். கதவோரக் குட்டை பெஞ்சை மட்டும் விட்டுவிட்டார்கள். யாரும் உட்காராத பெஞ்சு என்று நினைத்திருப்பார்கள். வழக்கம்போல் அதன் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒரு கடுதாசி வந்திருக்கு. நான் எழுதினது இல்ல. படிக்கிறேன், கேளுங்க."

தாள் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கிழிந்துவிடாமல் மடியில் விரித்து, முதல் சொல்லுக்குக் கீழே விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரிக்கு வரும்போது படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டு, வாசலில் நின்றது. நான் நிமிரவில்லை. இடது பக்கத்தில் அப்பாவுக்கு இடம் விட்டிருந்தேன். குரலைச் சற்று உயர்த்தி, அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினேன்.