மரியானுக்கு முன்னால் ஒரு சொல்

2017 புயலில் வள்ளத்தோடு மூழ்கிய மரியான், மறுநாள் மதியம் மனைவி ரீத்தா அழைத்தபோது போனை எடுத்தார். "ஏட்டி, காத்து அடங்கிச்சா?" என்று கேட்டார். கரையில் நல்ல வெயில். கூடப் போன டைட்டஸ் நீந்திக் கரையேறி, மரியான் தன் கண்முன்னே மூழ்கியதைச் சொல்லி முடித்திருந்தான். ரீத்தாவுக்கு அழுவதா பேசுவதா என்று விளங்கவில்லை. "இஞ்ச அடங்கியாச்சு" என்றாள். "எனக்கு அடங்கல்ல" என்றார் அவர்.

2004 அலையின்போது அந்தக் கரையில் செல்போன் அபூர்வம். செத்தவர்கள் சட்டச் சிக்கலின்றிச் செத்தார்கள். இப்போது, பேசுகிறவருக்கு இறப்புச் சான்று கிடையாது என்றார் வட்டாட்சியர். அந்த எண் புயலன்றே அணைந்துவிட்டது என்றது போன் கம்பெனி. உடல் கிடைக்காதவர் சாவதற்கு ஏழு வருடம் பொறுக்கவேண்டும் என்றார்கள் போலீஸ்காரர்கள்.

மகள் அஜிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தால்தான் தாலி. அதில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடுவதா வேண்டாமா என்று பங்குச்சாமியாருக்குத் தெரியவில்லை. மேலிடம் சொல்லட்டும் என்றார். எந்த மேலிடம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை ஜெனினுக்கு துபாய் லீவு தீர்ந்துகொண்டிருந்தது. அவன் வீட்டில் வேறு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

வட்டாட்சியர் விசாரணை வைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, தொண்டையைச் செருமி, "மரியான் என்பவர் உயிரோடு இருக்கிறாரா?" என்றார்.

"தெரியல்ல சார். அங்க என்ன சொல்லுதாவ?"

"நாங்கதான் உங்களக் கேக்கோம்."

"ரீத்தாட்ட கேளுங்க. வீட்டுக் காரியமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்."

எல்லோரும் ரீத்தாவைப் பார்த்தார்கள். அவள் வெள்ளையிலும் சேராத, கலரிலும் சேராத ஒரு சேலை கட்டியிருந்தாள். மரியான் நேரில் ஆஜராகவேண்டும் என்று வட்டாட்சியர் உத்தரவிட்டார்.

அடுத்த ஞாயிறு சாமியார் ஓலையை எடுத்து, தகப்பன் பெயர் வந்ததும் நின்றார். ரீத்தா எழுந்துபோய், எண்ணை அழுத்தி, போனை மைக்கில் வைத்தாள். "ஒங்க பேர நீங்களே சொல்லுங்க."

"அஜிஷாவுக்க அப்பன் மரியான்" என்றது ஒலிபெருக்கி. "கெட்டிக்குடுக்க சம்மதம்."

யாரும் ஆட்சேபிக்கவில்லை. மற்ற இரண்டு ஞாயிறும் அப்படியே நடந்தது. கல்யாணப் பந்தியில் மரியானுக்கு ஓர் இலை போட்டு, அதன் தலைமாட்டில் போனை வைத்தார்கள். அதிலிருந்து காற்று கொஞ்சம் பலமாகவே அடித்ததால், பக்கத்து இலைக்காரர்கள் பப்படத்தை இடக்கையால் அமுக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள்.