பூனை முதல் திமிங்கலம் வரை

மடித்த துண்டை அப்பாவின் தாடைக்குக் கீழே செருகி, வாய் மூடுகிறதா என்று பார்த்தாள் மகள். தலையணையைச் சற்று உயர்த்தியதும் மூடிக்கொண்டது.

"டாக்டர் கிளம்பிட்டாராம்கா," என்றான் தம்பி. "போன தடவைகூட, நம்ம எல்லாரையும்விட நல்லா இருக்காருன்னாரே. திடீர்னு எப்படிக்கா?"

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

டாக்டர் அப்பாவுக்கு வைக்கும் ஞாபகச் சோதனை எளிமையானது. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். வீட்டு மிருகங்கள் சடசடவென்று வந்துவிடும். அவை தீர்ந்ததும் மனசு அந்த அலமாரியைச் சாத்திவிட்டுக் காட்டுக்குத் தாவ வேண்டும். காடு தீர்ந்தால் கடலுக்கு. அந்தத் தாவலைத்தான் டாக்டர் கவனிப்பார். வயதான காலத்தில் சொற்கள் தடையில்லாமல் வருகிறவர்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்களாம். பேச்சுவாக்கில் அவர் சொன்ன இதை மகள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, வீட்டில் முதல் தடவை முயன்றபோது ஆடு, மாடு, நாயோடு நின்றுவிட்டார். "உன் தம்பியையும் சேத்துக்கோ," என்று சிரித்தார். அன்றிரவே அவள் மிருகங்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் பயிற்சி. பூனையில் தொடங்கித் திமிங்கலம் வரை, வாய்ப்பாடு மாதிரி ஒரே வரிசை.

"ஏம்மா, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"நீங்க சொல்லுங்கப்பா."

டாக்டர் முன்னால் கடகடவென்று ஒப்பித்தார். டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஸ்கேன் எடுக்கச் சொல்வதாக இருந்தவர், வேண்டாம் என்றுவிட்டார்.

இன்று காலை அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார்.

"எங்கப்பா வலிக்குது? தலையா? நெஞ்சா?"

அவர் கண்கள் அவளையே பார்த்துத் தவித்தன. உதடு பிரிந்தது.

"பூனை," என்றார். "நாய். ஆடு. மாடு."

"அது வேணாம்பா. எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்கப்பா."

"குதிரை. கழுதை."

தேடி எடுத்துப் பேசும் சொல் வேறு, பழகிப் படிந்த வரிசை வேறு. முன்னது அழிந்த பிறகும் பின்னது தானாக ஓடும். அவர் கண்ணில் நீர் வழிந்தது, வரிசை மாறவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள், சிங்கத்தோடு நின்றுபோனது.

டாக்டர் வந்து இமையை விலக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார்.

"மூளையில அடைப்பு மாதிரிதான் தெரியுது. முன்னாடியே சின்னச் சின்னதா வந்திருக்கும். வார்த்தை தடுமாறும், அத வச்சுக் கண்டுபிடிச்சிடுவோம். இவருக்குத் தடுமாறவே இல்லையே!"

"எல்லாம் எங்கக்காதான் டாக்டர்," என்றான் தம்பி. "தினம் பக்கத்துல உக்காந்து பேசிப் பேசியே மூளை துருப்பிடிக்காம பாத்துக்கிட்டா."

"கொடுத்து வச்சவர்," என்றார் டாக்டர் அவளைப் பார்த்து.

குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் கை கழுவுவதற்கு அவள் வாளியிலிருந்து மொண்டு ஊற்றினாள். சோப்பு நுரை கரைந்து போனது.

"போதும்மா," என்று கையை எடுத்துக்கொண்டார்.

அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.