ஸ்டெல்லா குத்திய தாள்

ஜன்னல் கம்பிக்கு எதிரே தாளைப் பிடித்திருக்கிறேன், வெயில் அதன் ஊசித் துளைகளில் நுழைந்து என் முகத்திலும் கழுத்திலும் பொடிப்பொடியாக உதிர்கிறது, அம்மை போட்டாப்புல இருக்குளா என்கிறார் சாய்வு நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர், நீங்க பேப்பரைப் படிங்க என்கிறேன், ஆயிரம் துளை என்று சொன்னால் ஸ்டெல்லாவின் விரலுக்கு அவமானம், லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம், அத்தனையும் சேர்ந்து என்ன படம் என்பதுதான் தெரியாது, போன வருஷம் கப்பல் மாதிரி இருந்தது, தீபாவளிக்குப் பலாப்பழம், இன்றைக்கு யாரோ சட்டையைக் கொடியில் காயப்போட்ட மாதிரி, மூக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிற என் கண்ணுக்குப் புள்ளிகள் புள்ளிகளாகவே நிற்கின்றன, தேய்த்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், அதனால்தான் தேய்க்கவில்லை.

பூவேலைத் தாளை அப்படித்தான் செய்வோம், வாரப்பத்திரிகையோடு இலவசமாக வந்த படத்தின் கீழ் மெல்லிய தாள்கள் நாலை அடுக்கி, கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போனால் நாலு பேருக்கு நாலு தாள், துணியில் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் துளை வழியாக ரோஜா இறங்கும், மயில் இறங்கும், பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பலகைக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் நாலு பேரும் காதில் கருவியும் மடியில் துணியுமாக ஒரு மாவட்டத்தையே தைத்து முடித்தோம், மதுரைக்கு லைன் கிடைப்பதற்குள் ஒரு கிளிக்கு றெக்கை முடிந்துவிடும், டெல்லி என்றால் தென்னந்தோப்பே முடிந்துவிடும், கடைசி நாற்காலியில் ஸ்டெல்லா, அவளுக்குப் பக்கத்தில் நான், நான் பேச ஆரம்பித்தால் அவள் ஊசியை நிறுத்தாமலே சொல்வாள், வாயை மூடுட்டி, கொசு போயிரும், நான் மூடியதில்லை, எத்தனை கொசு போயிருக்குமோ.

கல்யாணப் பரிசு என்றால் தலையணை உறை, குழந்தை பிறந்தால் தொப்பி, அதிகாரிக்கு மாற்றல் வந்தால் கைக்குட்டை, எங்கள் வீட்டில் டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குத் தாமரை போட்ட பாவாடை, டெலிபோனுக்கு விரல் போக வட்டமாக வெட்டி ஓரம் தைத்த போர்வை, பத்து நிமிஷம் அசையாமல் இருந்தா என் மேலயும் பிரெஞ்சு முடிச்சுத் தையல் போட்டிருவா என்று இவர் வந்தவரிடமெல்லாம் சொல்வார், அதில் பொய் எதுவும் இல்லை, ஒருநாள் இவர் தூங்கும்போது வேட்டி ஓரத்தில் இரண்டு போட்டேன், அதை உடுத்திக்கொண்டுதான் பென்ஷன் வாங்கப் போனார்.

ஸ்டெல்லா தர்மபுரிக்கு மாற்றலாகிப் போன அன்று பேருந்து ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினாள், இது பத்திரிகைப் படமில்லட்டி, நானே வரைஞ்சு குத்தினது, என்ன படம்டி, தேய்ச்சுப் பாரு தெரியும் என்று சிரிக்கிறாள், பேருந்து நகர்கிறது, நான் இன்னும் கூடவே நடந்துகொண்டிருக்கிறேன், பிறகு அவள் மகளோடு மஸ்கட் போனாள், நம்பர் மாறிப்போனது, ஊர்ஊராக மனிதர்களைக் கோத்துக்கொடுத்த எங்களுக்கு எங்களையே கோத்துக்கொள்ள ஒரு லைன் கிடைக்கவில்லை, தேய்க்காத வரைக்கும் ஸ்டெல்லா எனக்குச் சொல்லவேண்டிய ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது, அதை எப்படித் தேய்ப்பேன்.

முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்றான பிறகு கோயம்புத்தூரில் மகன் வாங்கிய, லிஃப்ட் வைத்த புது வீட்டுக்கே வந்து இருந்துவிடுங்கள் என்றார்கள், சரி என்றேன், மருமகள் நிவேதா தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அத்தை, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க, தச்சது எதும் கொண்டு வர வேண்டாங்க, எங்க அம்மா வீட்ல ரேடியோவுக்குக்கூடப் பாவாடை கட்டி விட்டிருந்தாங்க, சனிக்கிழமை ஆனா அத்தனையும் தொவச்சது நாந்தானுங்க, செவுரு வெறுமையா இருந்தாத்தான் எனக்கு மூச்சு வருது, சரிம்மா என்றேன், அந்தப் பெண் சொன்னதில் தப்பே இல்லை, கோபமும் இல்லை, ஆனால் மிச்சக் காலம் முழுக்க இருக்கப்போகிற வீட்டில் இவள் இங்கே இருக்கிறாள் என்று சொல்ல என் கைபட்ட ஒரு பூகூட இல்லையென்றால், பெட்டியோடு வந்த விருந்தாளி எப்போது கிளம்புவாள் என்று சுவரே கேட்காதா, உறைகளைத் தெருவுக்கே பரிசாகக் கொடுத்தேன், எதிர்வீட்டு நாய்க்குக்கூட அன்னப்பறவை போட்ட விரிப்பு, இந்த ஒரு தாளை மட்டும் சேலை மடிப்பில் வைத்தேன், இது தைத்ததில்லையே, தாள்தானே, வாக்கு மீறவில்லை.

கோயம்புத்தூர் வீடு பால் ஊற்றிக் கழுவிய மாதிரி இருக்கிறது, ஆணி இல்லை, படம் இல்லை, பல்லி வந்தால்கூட வெட்கப்பட்டுத் திரும்பிவிடும், மாதம் இரண்டு ஆகியும் சோபாவின் ஓரத்திலேயே உட்கார்ந்து பழகுகிறேன், நல்லா சாஞ்சு உக்காருங்க அத்தை என்பாள், சாய வரவில்லை, ஒரு சாயங்காலம் பால்கனியில் தாளைத் தூக்கிப் பிடித்து, இன்றைக்குக் கப்பலா பலாப்பழமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் போய்விட்டது, பின்னால் நிவேதா, என்னங்க அத்தை அது, ஒண்ணுமில்ல தாயி, தைக்கமாட்டேன், பயப்படாதே, இல்லைங்க, என்ன படம்னு கேட்டேன், தெரியாது என்றேன், தெரியாதுங்களா என்றாள், அந்தக் கேள்வியில் இருந்த ஆசை எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசை, பேருந்து ஜன்னலோரம் எனக்கு வந்த அதே ஆசை, அதனால்தான் தாளைக் கொடுத்தேன், அவள் கூடத்து விளக்கை அணைத்து, தாளை ஒரு கையில் பிடித்து, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து காட்டி, மெல்ல மெல்லத் தள்ளிப் பிடிக்கிறாள், வெறும் வெள்ளைச் சுவர் முழுக்க புள்ளிகள் எழுந்து, அலைந்து, பெரிதாகி, நிற்கின்றன.

டெலிபோன் கம்பி, கம்பத்துக்குக் கம்பம் வளைந்து போகிற கம்பி, அதன் மேல் நெருக்கியடித்து நாலு குருவிகள், மூன்று குருவிகளின் மூக்கு மூடியிருக்கிறது, கடைசிக் குருவி பக்கத்துக் குருவியைக் கடைக்கண்ணால் பார்க்கிறது, அந்தப் பக்கத்துக் குருவியின் வாய் மட்டும் ஆவென்று திறந்திருக்கிறது, உள்ளே ஒரே ஒரு துளை, கொசு.

யாருங்க அத்தை அந்த வாய் திறந்த குருவி என்கிறாள் நிவேதா, அதை வேற கேக்கணுமா என்கிறார் இவர், நான் சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்துக்காரர் மேலே வந்து விசாரித்தார் என்று சொன்னால் நம்பவேண்டும், சிரித்து முடித்தபோது சோபாவில் முழுதாகச் சாய்ந்திருந்தேன், அவள் தாளைத் திருப்பித் தரவில்லை, மறுநாளே ஒரு சின்ன விளக்கு வாங்கி, அதன் முன்னால் தாளைக் கண்ணாடிக்குள் நிறுத்தினாள், ஆணி வேண்டாம், தொவைக்கவும் வேண்டாம் பாருங்க அத்தை, அணைச்சா செவுரு எனக்கு, போட்டா உங்களுக்கு, உங்க பெட்டில இன்னும் இந்த மாதிரி தாள் இருக்குங்களா.

இருந்தது, அடியில் இருபது இருந்தது, ஒரு தாள் மட்டும்தான் என்றாயே என்று நீங்கள் கேட்கக்கூடாது, இன்றும் விளக்குப் போட்டாயிற்று, காப்பித் தம்ளரோடு கூடத்தைக் கடக்கிறேன், புள்ளிகள் சுவரை விட்டு என் முகத்திலும் கழுத்திலும் ஏறுகின்றன, இவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்க்கிறார், அசையாம நில்லுளா, அந்த வாயாடி சரியா உன் வாய் மேலேயே வந்து உக்காந்திருக்கு.