வாத்திச்சி வேண்டும், தனியாக வேண்டாம்

1912ஆம் வருஷம் ஜனவரிக் கமிட்டிக் கூட்டத்தில், எங்கள் பள்ளியின் டிரெயினிங் வகுப்பை மூடிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சிறிய மிஷன் பள்ளி எங்களுடையது. நான் அங்கே குமாஸ்தா. டிரெயினிங் வகுப்பு என்பது, படித்த பெண்களைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தினிகளாகத் தயார் செய்யும் ஒரு வருஷப் படிப்பு. சாரம்மாள் என்ற அம்மாள் எட்டு வருஷமாக அதைத் தனியாளாக நடத்திவந்தார்.

கமிட்டித் தலைவர் எங்கள் சபைக் குருவானவர் தேவசிகாமணி ஐயர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வகுப்புல படிச்ச பிள்ளைகள்ல இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல வேலை பார்க்குது எத்தனை பேரு? சொல்லும் அப்பாத்துரை."

"மூணு பேரு ஐயா."

"மத்தவங்க?"

"கண்டி, கொழும்பு, ரங்கூன், தூத்துக்குடி... கல்யாணமாகிப் புருஷன் வேலை பார்க்குற ஊருக்குப் போயிட்டாங்க."

"கண்டியில இருக்குற கிளார்க்குமாருக்குப் பெண்சாதி தயார் பண்ணிக் கொடுக்கவா நாம வகுப்பு நடத்துதோம்? லேஸ் வகுப்பு தொடங்குவோம். லேஸ் பின்னுதவ கண்டிக்குப் போனாலும் பின்னுவா."

எல்லோரும் சிரித்தார்கள். சாரம்மாள் சிரிக்கவில்லை.

"ஐயா, ஊசியில நூல் கோக்கவே எனக்கு ரெண்டு பேர் துணை வேணும். அது கிடக்கட்டும். வாத்திச்சி வேணும்னு கிராமத்துல இருந்து ஆள் வந்துட்டேதான் இருக்காங்க. தேவை இல்லாமலா கேக்காங்க?"

"தேவை இருக்குன்னா காட்டுங்கம்மா. எந்த ஊர்ல வேலை இருக்கு, உங்க பிள்ளை அந்த ஊருக்குப் போய் நிப்பாளா, ரெண்டையும் காட்டணும். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். இல்லைன்னா ஜூன்ல லேஸ்தான்."

மறுநாளே நான் வேலையைத் தொடங்கினேன். ஆற்றுப்பாசனத்து ஊர்கள், பனங்காட்டு ஊர்கள் என்று இரண்டாகப் பிரித்து, அறுபது ஊர்ப் பெரியவர்களுக்குப் பதில் எழுதித் திருப்பி அனுப்பும்படியான தபால் கார்டுகள் போட்டேன். கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு உபாத்தினி வேண்டுமா?

மூன்று வாரத்தில் நாற்பது சொச்சம் கார்டுகள் திரும்பி வந்தன. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் "வேண்டும்" என்றே இருந்தது. சாரம்மாள் அன்று மாலை டவுணிலிருந்து முறுக்கு வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எனக்கும் கிடைத்தது.

முறுக்கைத் தின்றுகொண்டே கார்டுகளைத் தாலுகாவாரியாக அடுக்கும்போதுதான், "வேண்டும்" என்பதற்குக் கீழே எழுதியிருந்ததையும் நிதானமாகப் படித்தேன். "புருஷனோடு வரவேண்டும்." "தனியாக வருவதானால் வேண்டாம், கிணறு தூரம்." கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர், "வயதுப் பெண்ணுக்குக் காவல் இருக்க எங்களுக்கு ஓய்வில்லை, இது அறுவடைக் காலம்" என்று விளக்கமாகவே எழுதியிருந்தார்.

சாரம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்ல கூத்து" என்றார். "கல்யாணம் ஆகாட்டா ஊர்க்காரன் வேண்டாங்கான். ஆயிட்டா புருஷன் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போயிருதான். வகுப்பை மூடிட்டுக் கல்யாணத் தரகு பார்ப்போமா? பனங்காட்டுல குடியிருக்கச் சம்மதிக்கிற மாப்பிள்ளை நாப்பது பேரு வேணும்னு ஒரு கார்டு போடும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று இரண்டு வகுப்புகளில் பாடம் எடுக்கும்போதும் அவர் குரல் வெளியே கேட்கவில்லை. வழக்கமாக அந்தக் குரல் கேட்டு வேலிக்கு அந்தப்புறம் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. பதினைந்துக்கு மேற்பட்ட ஊர்கள் பதிலே போடவில்லை. ஒரு கேள்வி கேட்டால் வேண்டாம் என்றாவது பதில் வரவேண்டும். அந்த ஊர்களில் பெரும்பாலானவை ராதாபுரத்துப் பக்கம். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். சாரம்மாளும் வருகிறேன் என்றார். அவருக்குத் துணையாக என் சம்சாரத்தையும் ஏற்றிக்கொண்டு வண்டி கட்டினோம்.

முதல் ஊரிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் கொம்பையா பனையடியில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"கார்டா? வந்துது வே. வாத்திச்சி வேணுமான்னு கேட்டிருந்தீரு. இருக்குற ஊருக்கு இன்னொண்ணு எதுக்கு? அதான் பதில் போடல."

"இங்க நேசையா வாத்தியார் ஒருத்தர்தானே? வாத்திச்சி கிடையாதே. எங்க கணக்குல இல்லையே."

"உம்ம கணக்குல இல்லைன்னா எங்க ஊர்ல இல்லைன்னு ஆயிருமா? அங்கன போயிப் பாரும். பையப் போரும், பாடம் நடக்குது."

நேசையா வாத்தியார் வீட்டுக்குப் பின்னால் ஓலைப்பந்தல் ஒன்று இருந்தது. அதன் கீழே பத்துப் பெண்பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் சம்சாரம் கெசியா, முருங்கைக்கீரை உருவியபடியே ஒவ்வொருத்தியாக வாசிக்கச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டியைக் கண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து நேசையா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஐயா, தப்பா நினைக்கப்படாது. பொம்பளைப் பிள்ளைக பையங்களோட உக்கார மாட்டேங்குதுக. சரி, வீட்டுல சும்மா இருக்குற நேரத்துல இவ..."

"சும்மா இருக்குற நேரமா?" என்றாள் கெசியா. "எனக்கு எந்த நேரம்னு சொல்லுங்க, கேப்போம்."

சாரம்மாள் மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். வாசிப்பு நன்றாக இருந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரி. ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்ததும் பிள்ளைகள் கெசியாவைப் பார்த்தார்கள். கெசியா கீரையைப் பார்த்தாள்.

"நாலாம் வகுப்புல இருக்கும்போதே எனக்குக் கல்யாணம் பேசிட்டாங்கம்மா. அத்தோட பள்ளிக்கூடம் நின்னு போச்சு. வகுத்தலு எனக்கே வராது. இதுகளும் அங்கனயே நிக்குதுக."

சாரம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. உபாத்தினி வேண்டுமா என்று அறுபது ஊர்களைக் கேட்டோமே தவிர, அந்த ஊர்களில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேயில்லை. வாத்தியார் இருக்கிற ஊரில் வாத்தியார் சம்சாரம் இருக்கிறாள். புருஷன், வீடு, வேலை எல்லாம் ஒரே இடத்தில். நாங்கள் மாப்பிள்ளை தேட வேண்டியதில்லை.

"ஒரு வருஷம் எங்க போர்டிங்குல வந்து படிக்கியாம்மா?" என்று கேட்டார் சாரம்மாள்.

"வாரேன்" என்றாள் கெசியா. புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு வருஷமா!" என்றார் நேசையா. "கஞ்சி யாரு வைப்பா?"

பின்னாலேயே வந்து நின்ற கொம்பையாதான் பதில் சொன்னார். "ஊர்ல முறை வச்சு ஊத்துவோம் வே. ஒரு வருஷத்துல மெலிஞ்சா போயிருவீரு? ஆனா குமாஸ்தா, ஒண்ணு கேட்டுக்கிடும். படிச்சு முடிச்சதும் இந்தப் பிள்ளையை டவுணுக்குத் தூக்கிட்டுப் போறதுன்னா, இப்பவே வேண்டாம். எங்களுக்கு வகுத்தலு இல்லாமலே ஓடும்."

"யாரு தூக்கிட்டுப் போனாலும் நான் போயிருவேனா மாமா? எங்க வீடு இங்கனதானே இருக்கு?" என்றாள் கெசியா.

திரும்பி வந்ததும் புதுக் கார்டுகள் போட்டேன். இந்த முறை ஊர்ப் பெரியவர்களுக்கு அல்ல, வாத்தியார்களுக்கு. உங்கள் மனைவி எதுவரை படித்திருக்கிறார்? ஒரு வருஷம் அனுப்பச் சம்மதமா?

வந்த பதில்களை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சம்மதம்தான், ஆனால் வீட்டுப் பசு மனைவியைத் தவிர வேறு யாரிடமும் பால் கொடுக்காதே என்று ஒருவர் எழுதியிருந்தார். மனைவி வந்தால் தாயாரும் கூட வருவார், அவருக்கும் இடம் உண்டா என்று ஒருவர் ஆவலோடு கேட்டிருந்தார். ஒரு வீட்டிலிருந்து "சம்மதமில்லை" என்று கார்டு வந்தது. மறுநாள் அதே வீட்டிலிருந்து "சம்மதம்" என்று வேறொரு கையெழுத்தில் இன்னொன்று வந்தது. பிந்தி வந்ததையே எடுத்துக்கொள்வது அலுவலக வழக்கம். அப்படியே செய்தேன். ஆக மொத்தம் பதினான்கு பேருக்குச் சம்மதம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கமிட்டி கூடியது. சாரம்மாள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஐயர் குறுக்கே பேசவில்லை.

"கைப்பிள்ளைக்காரிக எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"அஞ்சு பேரு ஐயா."

"போர்டிங்குல தொட்டில் கட்டச் சொல்லுதீங்க."

"ஆமா ஐயா. உத்தரம் நல்ல தேக்கு. அஞ்சும் தாங்கும்."

யாரோ சிரித்தார்கள். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, நான் அன்னைக்குக் கேட்டதைத்தான் இன்னைக்கும் கேக்கேன். படிச்சு முடிச்சதும் இவங்க அந்த ஊர்லயே நிப்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

"புருஷன் அங்கன இருக்காரு. வீடு அங்கன இருக்கு. ஆடு, கோழி, மாமியார் எல்லாம் அங்கன இருக்கு. வேற எங்க ஐயா போவாங்க?"

"கல்யாணமாகாத பிள்ளைகளை என்ன செய்யப் போறீங்க? அதுக நம்ம பிள்ளைகதானே?"

சாரம்மாள் என்னைப் பார்த்தார். டவுணிலும் பாளையங்கோட்டையிலுமாக வரும் வருஷம் நான்கு உபாத்தினிகள் தேவைப்படும் என்றும், அங்கே தாய் தகப்பனோடு இருந்தே வேலை பார்க்கலாம் என்றும் நான் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்ப நாலு பேரை எடுப்போம்" என்றார் சாரம்மாள். "விண்ணப்பம் போட்டது பன்னிரண்டு பேரு. மத்த எட்டுப் பேருக்கும் நானே பைய எடுத்துச் சொல்லுதேன். வேலை இல்லாத படிப்பைப் படிக்க வச்சு, பிறகு சொல்லுததைவிட அது மேல்."

ஐயர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதும் அப்பாத்துரை. டிரெயினிங் வகுப்பு இன்னும் ஒரு வருஷம் நடக்கும். லேஸைப் பிறகு பார்த்துக்கிடலாம்."

ஜூன் மாதம் வகுப்புத் திறந்த அன்று வாசலில் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். பசுவின் சொந்தக்காரி மட்டும் வரவில்லை. வந்தவர்கள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்க்க ஐயர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். சாரம்மாளின் குரல் வேலி தாண்டிக் கேட்டது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். அவள் இடுப்பில் குழந்தை. சுற்றும் முற்றும் பார்த்தாள். ஐயரின் கை மட்டும்தான் காலியாக இருந்தது.

"கொஞ்சம் பிடிங்க ஐயா, இந்தக் கணக்கைப் போட்டுட்டு வந்துருதேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போட்டது நீளமான வகுத்தல். ஈவு வரும்வரை ஐயர் அப்படியே நின்றார். குழந்தை அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.