பூக்காலத்துக் கவாத்து

தைத் திங்களின் இளவெயில் மதகடிப்பட்டுக்கு வடக்கே விரிந்த செம்மண் மேட்டில் மெல்லெனப் பரவ, தேனீக்கள் கிறங்கி முரல, திருவிழாவிற்குக் கடைவிரித்த வணிகர்போல் முந்திரி மரங்கள் தரைதொடத் தாழ்ந்த கிளையெங்கும் பூங்கொத்துகளைப் பரப்பி நின்றன. அவற்றுள் முப்பத்திரண்டு ஆதிலட்சுமிக்கு உரியவை. ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும் அம்மரங்களாலேயே அவள் வீட்டு அடுப்பெரிவதும் மகள் கல்லூரி செல்வதும் என்பதைப் படிப்போர் மனத்திற் கொள்க.

உழவரின் விளைச்சலைப் பெருக்க வந்த திட்டமொன்றின் அலுவலர் நவீன்குமார், கிளையறுக்கும் வாளேந்திய ஆட்கள் இருவரோடு அங்கு வந்து நின்றார். அடர்ந்த கிளைகளைக் கழித்தால் வெயில் உட்புகுந்து காய்ப்புப் பெருகும் என்பது மெய்யே. ஆயின் அது அறுவடை முடிந்த ஆடியிற் செய்யும் வேலை. தையிற் செய்வதோ, பந்தியில் அமர்ந்தவன் முன்னிருந்து இலையை உருவுவதாகும்.

“இன்னா சார் இது? பூவும் பிஞ்சுமா நிக்குது, இப்பப் போயி கவாத்தா?”

“ஆடில பணம் இருக்காதும்மா. மார்ச்சுக்குள்ள செலவு காட்டலன்னா திரும்பிப் போயிடும். பக்கத்துக் கொல்லை காசம்மா ஒத்துக்கிட்டாங்க. மத்தியானம் அவங்க மரம். நீங்க வெட்டலன்னா திட்டத்துல சும்மா குடுக்கற ஒட்டுக்கன்னு கிடையாது.”

 விலைபேசிப் பழகிய நா ஆதிலட்சுமியுடையது.

“மூலையில புழு அரிச்சு செத்த மரம் ஒண்ணு நிக்குது. அத்த வெட்டிக்கோ. சுத்திச் சுத்தி போட்டோ புடி. ஒங்க பெரியவங்க மரத்துக்கு மரம் மூஞ்சி பாக்கவா போறாங்க?”

நவீன்குமார் சுற்றும் முற்றும் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார். ஒரு மரம் ஏட்டில் முப்பத்திரண்டாயிற்று.

வைகாசியில் அவளுக்கு மூன்று மூட்டை கொட்டை தேறியது. படித்தவர் சொன்னதை நம்பி இருபது மரங்களையும் மொட்டையாக்கிய காசம்மாளுக்கோ ஒரு கூடையும் நிறையவில்லை. பாகூரில் விழா எடுத்த திட்டத்து மேலதிகாரிகள் ஏட்டை நம்பி, கிளை கழித்துக் காய்ப்பைப் பெருக்கிய உழத்தி என்று ஆதிலட்சுமிக்கே மாலை சூட்டி, வரும் தையில் ஐந்நூறு குடும்பத்து மரங்களுக்கும் இவ்வாறே செய்யப்போவதாகப் பெருமிதத்தோடு அறிவித்தனர். முன்வரிசையில் இருந்த காசம்மாள், குறை தன் மரங்களுடையதே என்றெண்ணிக் கள்ளமின்றிக் கைதட்டினாள்.

அவ்வொலி கன்னத்தில் அறைந்தாற்போல் விழ, ஆதிலட்சுமி ஒலிவாங்கியைப் பறித்தாள்.

“நான் வெட்டுனது ஒரே மரங்க, அதுவும் செத்த மரம்! மத்தது வெட்டாததாலதான் காச்சுது. ஒங்கள ஏச்சது நானும் இந்த சாரும். பணம் திரும்பிப் போவுதுன்னு பூவை வெட்டுவீங்களா? பூக்கற நேரத்துல எவன் வந்தாலும் உள்ள வுடாதீங்க!”

ஒலிவாங்கி அணைந்தது. அவளுக்கென வைத்திருந்த ஒட்டுக்கன்றுகள் மீண்டும் வண்டியேறின. கூட்டம் கலைகையில் காசம்மாள் அருகில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி.”

காலமறியாது வாளெடுத்தவரை இகழ ஊரில் நாக்குகள் பலவுண்டு. வேலிக்கு அப்பால் வாள் விழும் ஓசையைக் கேட்டும் தன் தோப்பு தப்பியதென்று வாளாவிருந்த ஆதிலட்சுமியின் நாவைச் சுடவோ, காசம்மாளின் அவ்வொரு வார்த்தையே போதுமாயிற்று.