கழுவி வைத்த கொசுப்பொறி

எங்கள் வீட்டில் நாற்றத் தண்ணீர் தேங்கியதாக மூன்று தலைமுறையில் ஒருவரும் சொன்னதில்லை. அதனால், பழைய பெயிண்ட் டப்பாவுக்குக் கறுப்பு அடித்து, காய்ந்த இலை ஊறிய தண்ணீரை ஊற்றி, மருமகள் அதை மாடிப்படிக்கு அடியில் வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“கொசுப்பொறி மாமா. உள்ள இருக்கிற துணியில கொசு முட்டை போடும். வாரம் ஒருதரம் எண்ணிட்டு, துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுடுவேன். காய்ச்சல் பரப்புற கொசு குறையும். செலவே இல்ல.”

அவள் நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்ப்பவள். தெருவின் நாற்பது வீடுகளிலும் வைத்தாள். ஐந்து வாரமும் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு முட்டைகூட இல்லை. போவோர் வருவோரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டேன்.

ஊர் முழுக்கப் பொறி வைக்கலாமா என்று முடிவு செய்ய அதிகாரி வந்தார். நூலகக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. தாளைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

“பதினேழாம் நம்பருக்கு இந்தப் பக்கம் தொண்ணூறு, அந்தப் பக்கம் நூத்திப்பத்து. நடுவுல பூஜ்யமா? இந்தப் பொறியை எப்படிம்மா நம்புறது?”

மருமகள் என் பக்கம் திரும்பாமல் தாளை வாங்கி மடித்தாள். அன்று காலை எங்கள் வீட்டுத் துணியை மூக்கருகே பிடித்தபடி அவள் வெகுநேரம் நின்றதைப் பார்த்திருந்தேன். அவளுக்குத் தெரியும். ஆனால் மாமனாரைச் சபையில் காட்டிக்கொடுக்கமாட்டாள்.

எழுந்தேன். “பொறியில குறையில்ல சார். பதினேழு என் வீடு. டப்பாவையும் துணியையும் தினமும் நான்தான் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி வச்சேன்.”

கூடமே சிரித்தது.

“பெரியவரே, எலிப்பொறிக்குப் பவுடரும் பூசுவீங்களா?” என்றார் எதிர்வீட்டுத் தையற்காரர்.

“என் வீட்ல எது இருந்தாலும் சுத்தமாத்தான் இருக்கும்” என்றேன். காது சுட்டது, ஆனால் உட்காரவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. “ஒரு வாரம் கை வைக்காம இருங்க ஐயா. பாத்துடுவோம்.”

ஏழு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எட்டாம் நாள் அதிகாரி முன்னிலையில் மருமகள் லென்ஸை வைத்து எண்ணினாள். நூற்று நாற்பத்தாறு. தெருவிலேயே அதிகம்! ஊர் முழுக்கப் பொறி வைக்க அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

தெருமுனைப் பலகையில் எண்களை எழுதி வந்தவள் பதினேழில் நின்றாள். “நம்ம வீட்டை விட்டுடவா மாமா?”

“ஏன் விடணும்? எல்லாத்தையும் விடப் பெருசா எழுது.”

எழுதினாள். சாக்பீஸை வாங்கி, அதற்கடியில் நானே எழுதினேன்: ‘பொறி செய்தவர், இவ்வீட்டு மருமகள்.’